குழுக் கடனை அக்காவிடம் கொடுத்தேன், நோட்டீஸ் எனக்கு வருகிறது

மண்டபம் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 12 பேர் உள்ள மகளிர் சுய உதவிக் குழு, வங்கியில் 6 லட்சம் கடன், ஆளுக்கு 50,000. தன் பங்கை அப்படியே குழுவை நடத்தும் ஊக்குநர் அக்காவிடம் கொடுத்துவிட்டார், தவணையை அக்காவே கட்டுவதாகப் பேச்சு. எட்டுத் தவணை கட்டிய அக்கா நிறுத்திவிட்டார். இப்போது எல்லோர் பெயருக்கும் வங்கியின் வக்கீல் நோட்டீஸ். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அக்கா மகள் கல்யாணம், தெருவில் உங்களைப் பேசிய பேச்சு, இதெல்லாம் வருத்தம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. கடன் வாங்கும்போது எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, அதை எடுத்துப் பாருங்கள். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று இருந்தால் பணம் யார் வீட்டுக்குப் போனது என்ற கேள்வியே எழாது. ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவுப்படி 12 பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுப் பாக்கியையும் வங்கி கேட்கலாம். உங்கள் பங்குக்கு மேல் கட்ட நேர்ந்தால் மற்றவர்களிடம் நீங்கள் வசூலிக்கலாம், அது தனி வழக்கு.

மோசடிப் புகார் நிற்காது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், எட்டுத் தவணை கட்டியவர் மீது அதை எப்படிக் காட்டுவீர்கள்? தவிர, ‘வங்கிக் கடனில் என் பங்கை வாங்கி அவரிடம் கொடுத்தேன்’ என்று புகாரில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் வங்கி வக்கீலுக்கு வேலை மிச்சம். கடன் தள்ளுபடி வரும் என்றும் காத்திருக்காதீர்கள், 2021-இல் தமிழக அரசு அறிவித்தது கூட்டுறவு வங்கிக் கடனுக்குத்தான்.

ஆகவே சமரசம்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதே இந்த இடத்தில்தான். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) வட்டியைக் குறைக்கிறார்கள் என்றதும் சந்தோஷத்தில், மாதம் எவ்வளவு முடியும் என்று யோசிக்காமல், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அங்கே எழுதுவது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. வழக்குப் போட மூன்று வருடக் காலக்கெடு இருந்த வங்கிக்கு, அதற்கப்புறம் அதை நிறைவேற்ற 12 வருடம் கிடைத்துவிடும். இரண்டு தவணை தவறினால் குறைத்த வட்டியும் திரும்ப ஏறுகிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

இன்னொன்று, ‘என் பங்கைக் கட்டிவிட்டேன், நான் விலகிவிட்டேன்’ என்று நம்புவது. குழுக் கணக்கில் பாக்கி இருக்கும்வரை நீங்கள் விலகவில்லை. உங்கள் பங்கு இவ்வளவு, அதைக் கட்டியதும் உங்களுக்கு மட்டும் பொறுப்பு முடிகிறது என்று சமரசப் பத்திரத்திலேயே பெயர் போட்டு எழுத வையுங்கள். வங்கி முரண்டு பிடிக்கும். ஒருவராவது முழுசாகக் கட்டுகிறாரே என்று சில மேலாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். மேலாளர் மறுத்தால் 12 பேரும் ஒன்றாக வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை பேசும்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்லி அந்த மாதங்களை விலக்கச் சொல்லுங்கள். விசைப்படகு போகாத காலத்தில் உங்களுக்குச் சரக்கு ஏது? நேராக வங்கியில் கட்டி ரசீது வாங்குங்கள், அக்கா கையிலோ வசூலுக்கு வருபவர் கையிலோ ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

அக்காவிடம் சண்டையை நிறுத்திவிட்டு, பேச்சுவார்த்தை இருக்கும்போதே உங்கள் 50,000-இல் கட்டியது போக மீதிக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிவிடுங்கள். போலீஸுக்குப் போய்விட்டால் அப்புறம் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.