ஏ.எஸ்/400 வேலையில் சேர்ந்த மகள்: வலைப்பக்கத்துக்கு எந்த மொழி படிக்கலாம்?

கூடப் படித்தவர்கள் வலைப்பக்கம் கட்டும் ரியாக்ட் படிக்கும்போது உங்கள் மகளை மட்டும் ஏ.எஸ்/400 பயிற்சியில் போட்டுவிட்டார்களே என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அது ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினி, 1988-ல் வந்தது. இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வர்களில் ஓடுகிறது. வங்கி, காப்பீடு, மொத்த வியாபாரம் என்று கணக்கு தப்பக் கூடாத இடங்களில் இருக்கிறது. எழுத்து மட்டுமே தெரியும் பழைய பச்சைத் திரையில் நடப்பதைப் பிரவுசருக்குக் கொண்டுவருவது அங்கே உண்மையான தேவை. பயப்பட வேண்டாம்.

வட்டியும் சரக்கு இருப்பும் போடும் கணக்கு எல்லாம் இந்தக் கணினியின் வணிக மொழியான ஆர்பிஜியில் எழுதிய நிரல்களுக்குள் இருக்கிறது. அதைப் புதிதாக எழுத யாரும் எளிதில் துணிவதில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் ஆர்பிஜியும், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல்லும்தான். 2013-க்குப் பிறகு வந்த கட்டற்ற வடிவில், அதாவது எந்த எழுத்து எந்த இடத்தில் என்ற கட்டுப்பாடில்லாத வடிவில், எழுதப் பழகட்டும். ஒவ்வொரு வரியும் எந்த வகை என்று அதன் 6-ஆவது இடத்து எழுத்தைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டிய பழைய கோடையும் வாசிக்கத் தெரிய வேண்டும். பராமரிப்பில் கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான்.

பக்கத்தைக் காட்டும் மொழிக்கு என் தேர்வு, ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ். பிரவுசரிலும் சர்வரிலும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட். வேறு வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும். அலுவலகத்தில் ஏற்கெனவே பிஎச்பி என்ற வலைமொழி ஓடினால் மறுபேச்சில்லாமல் பிஎச்பி. ஜாவா நல்ல மொழிதான். ஆனால் நினைவகம் குறைந்த சிறிய கணினியில் மற்ற வேலைகளையும் சேர்த்து மந்தமாக்கிவிடும். ஆர்பிஜியிலேயே எச்டிஎம்எல் எழுதவும் வழி உண்டு, வேகமாகவும் ஓடும். பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் திணறல்தான்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. பெயர் வர வேண்டிய இடத்தில் சி1சி2சி3 என்று வந்தால், ஏபிசி என்ற எழுத்துகளை இந்தக் கணினி சேமித்துவைக்கும் எப்சிடிக் குறியீடு அப்படியே வெளியே வந்திருக்கிறது என்று பொருள். கோப்பின் சிசிஎஸ்ஐடி, அதாவது எழுத்துக் குறியீட்டு எண், 65535 என்று இருந்தால் குறியீட்டு மாற்றம் நடக்காது. எஸ்க்யூஎல்லில் அந்தப் புலத்தை சிசிஎஸ்ஐடி 37-க்கு மாற்றினால் (காஸ்ட்) எழுத்து தெரியும். இரண்டாவது, தேதி 1240315 என்று நிற்பது. முதல் 1 என்றால் 2000-த்தைச் சேர்ந்த ஆண்டு. ஆக அது 2024 மார்ச் 15. மூன்றாவது, சி++ மொழியில் எழுதிய பகுதி உள்ள என்பிஎம் தொகுப்புகள் (நோட்டுக்கான ஆயத்த நிரல்கள்). இந்தக் கணினிக்கென்று முன்பே தொகுத்த வடிவம் பலவற்றுக்கு இல்லாததால் நிறுவும்போதே நின்றுவிடும். முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய மாற்றைத் தேட வேண்டும்.

வீட்டில் பழக பப்400 என்ற பொதுக் கணினியில் இலவசக் கணக்கு கிடைக்கும். நிரல் எழுதும் விஎஸ் கோட் மென்பொருளில் 'கோட் ஃபார் ஐபிஎம் ஐ' நீட்டிப்பைப் போட்டுக்கொள்ளட்டும். க்யூஐடபிள்யூஎஸ் லைப்ரரியில் க்யூகஸ்ட்சிடிடி என்ற மாதிரி வாடிக்கையாளர் கோப்பு உண்டு, 12 வரிதான். முதலில் எஸ்க்யூஎல்லில் எடுத்துப் பார்க்கட்டும். அடுத்து, 6 இலக்க வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் பாக்கியைத் திருப்பித்தரும் ஆர்பிஜி நிரல். அதை ஸ்டோர்டு ப்ரொசீஜராக, அதாவது எஸ்க்யூஎல் வழியாகக் கூப்பிடக்கூடிய நிரலாகப் பதிந்து, நோட்டிலிருந்து கூப்பிட்டு, ஓர் அட்டவணையில் காட்ட வேண்டும். நேர்முகத்தில் இந்த ஒன்றை விளக்கத் தெரிந்தால் போதும்.

திங்கட்கிழமை பயிற்சியாளரிடம் அவள் கேட்க வேண்டியது: ஐபிஎம் ஐ எந்தப் பதிப்பு, மென்பொருள் நிறுவும் கருவியான யம் வழியாகத் திறமூலத் தொகுப்புகள் போட்டிருக்கிறதா, இப்போதுள்ள வலைப்பக்கங்கள் எதில் எழுதியவை. மூன்றாவதற்கு வரும் பதிலைப் பார்த்துவிட்டு நோட்டா பிஎச்பியா என்று முடிவெடுக்கட்டும்.