நீளமான ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே? கேள்வி பதில்

மண்டபம் மாணவி: டீச்சர், பயாலஜி, பயோடைவர்சிட்டி போன்ற சொற்களை எப்படிப் பிரிப்பது?

எழுத்தை எண்ணாதேம்மா. வாயில் உயிரொலி எத்தனை முறை வருகிறதோ, அத்தனை அசை. பை-ஆ-ல-ஜி, நான்கு. அழுத்தம், அதாவது ஓங்கிச் சொல்ல வேண்டிய அசை, எங்கே என்பதைச் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கும். 'லஜி', 'கிராஃபி', 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. அதனால் பயாலஜியில் 'ஆ', பயோடைவர்சிட்டியில் 'வர்'. 'ஷன்', 'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எஜுகேஷனில் 'கே'. பாலிடிக்ஸ், அரித்மெடிக் போன்ற சில சொற்கள் இதற்கு அடங்காது.

அழுத்தம் இல்லாத அசையைத் தளர விடு. பயாலஜியின் 'ல' பாதி வாயில் வந்தால் போதும். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வதால்தான் கேட்பவர் திணறுகிறார்.

கீழக்கரை: வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ. இன்ஜினியர்?

கடைசி அசை. வாலன்டியரும் அப்படியே.

தொண்டி: டெவலப்மென்ட்?

'வெ'. 'மென்ட்' ஒட்டினால் பெரும்பாலும் அழுத்தம் இடம் மாறாது.

ராமேஸ்வரம் கைடு: பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்கிறேன். 'கிலாமிட்டர்' என்று சொல்லச் சொல்கிறார்களே?

இரண்டும் அகராதியில் உண்டு. அளவுப் பெயர்களான சென்டிமீட்டர், மில்லிமீட்டருக்கு அழுத்தம் முதல் அசையில். அந்தக் குடும்பத்தில் கிலோமீட்டரும் முதல் அசைக்குத்தான் பொருந்தும்.

பாம்பன்: தெர்மாமீட்டர், பாராமீட்டர் எல்லாம் இரண்டாம் அசைதானே டீச்சர்? அப்புறம் இது மட்டும் ஏன்?

நல்ல கேள்வி தம்பி. அவை கருவிகள். காற்றழுத்தம் பார்க்கும் பாராமீட்டரில் 'ரா' அழுந்தும், ஸ்பீடாமீட்டரில் 'டா'. கருவிகளின் சாயலில் கிலோமீட்டரையும் இழுத்துச் சொல்லிப் பலருக்குப் பழகிவிட்டது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் முதல் அசையில்தான் சொல்வேன்.

ராமேஸ்வரம் கைடு: அப்போ சென்டிமீட்டரையும் அப்படி இழுக்கலாமா?

கூடாது. யாரும் சொல்வதில்லை.

தேவிபட்டினம்: மேனேஜ்மென்ட்?

தொண்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 'மே'.

ஏர்வாடி: அகராதியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆக்ஸ்போர்டு அகராதியின் உச்சரிப்புக் குறியில் மேலே சின்ன நிற்கும் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான். கீழே உள்ள கோடு துணை அழுத்தம்.

மண்டபம், இறால் கம்பெனி: எக்ஸ்போர்ட்டுக்கு எது சரி?

பொருளைக் குறித்தால் முதல் அசை, அனுப்பும் செயலைக் குறித்தால் இரண்டாவது.