அம்மாவின் மூச்சு

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் பாம்பன் பக்கம். மதுரையில் வேலை பார்க்கிறேன். அம்மா கடலில் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறவர். கறுப்பு என்ற கேலியைக் கேட்டே வளர்ந்தவள் நான். யோகா வகுப்பில் "உன்னை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்" என்று டீச்சர் சொன்னபோது அழுதுவிட்டேன். போன விடுமுறையில் அம்மாவுக்குக் கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சி சொல்லித்தரப் போனேன். "மூச்ச வித்துத்தான்டி ஒன்னையப் படிக்க வச்சேன்" என்று சிரித்தார். அதிலிருந்து பாயை விரிக்கவே கூச்சமாக இருக்கிறது. யோகா வசதியானவர்களுக்குத்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான விஷயம். கடலில் இறங்கும் முன் அம்மா கபாலபாதி செய்யவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். முங்கும்போது 'மேலே போ' என்று நெஞ்சு முட்டுவது பெரும்பாலும் அந்த வாயு ஏறுவதால்தான். அது தாமதமானால் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். அப்படி இறந்தவர்கள் உண்டு.

சரி, உங்கள் கூச்சத்துக்கு வருவோம். நிறத்துக்காக நீங்கள் அழுதது நிஜம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதே வாக்கியத்தை அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியுமா? துணி சுற்றியும் பாறை கிழிக்கிற விரலையா, வியாபாரி வைக்கிற விலையையா, எதை ஏற்றுக்கொள்ளச் சொல்வது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. அதற்கப்புறம் பாட்டி காலத்திலிருந்து போன இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள், அது முகப்பூச்சு வரை போகிறது. 'உன் தோலை நேசி' என்று விற்கிற டப்பாவில் அம்மாவின் மூச்சும் கொஞ்சம் இருக்கலாம்.

பதஞ்சலி ராமேஸ்வரத்தில் அடங்கினார் என்பது சித்தர் மரபு. (வரலாறா என்று என்னைக் கேட்காதீர்கள்.) அவர் பெயரில் வழங்கும் யோக சூத்திரத்தில், யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். முதல் அங்கம் இயமம்: கொல்லாமை, பொய்யாமை, திருடாமை என்று போய், தேவைக்கு மேல் சேர்க்காமையில் முடிகிறது. நம் வகுப்புகள் நேரே மூன்றாவதில் தொடங்கிவிடுகின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி வளரட்டும் என்று தாங்களாகவே கடலுக்குப் போகாமல் இருக்கிறார்களே உங்கள் ஊர்ப் பெண்கள், அவர்கள் முதலாவதில் இருக்கிறார்கள். கூலியை உயர்த்திக் கேட்பதும் அந்தத் திருடாமைக் கணக்கில்தான் வரும் என்பது என் கட்சி.

வகுப்புக்குப் போங்கள். ஊருக்குப் போகும்போது பாயையும் எடுத்துப்போங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து வருகிறவருக்கு, அசையாமல் மல்லாந்து கிடக்கிற சவாசனம் போதும். அம்மா அப்படியே தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள். அன்றைக்கு உலையை நீங்கள் வையுங்கள்.