அந்த முயலை ‘அண்ணா’ ஆக்கியது யார்?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு இரண்டு. தினமும் ராத்திரி படப் புத்தகம் படித்துக் காட்டித்தான் தூங்க வைக்கிறேன். போன வாரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு விளையாடினார்கள். “டிரைவர்னா அண்ணாதானேம்மா, தம்பியே ஓட்டட்டும்” என்று இவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சந்தேகம் வந்து புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். அம்மா என்றால் கையில் கரண்டி, சிறுமி என்றால் கையில் பூ. எடைக்குப் போட்டுவிடலாமா? “படக்கதைக்கெல்லாம் இவ்வளவு யோசிப்பாங்களா?” என்று கேட்கிறார் கணவர்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: யோசிக்க வேண்டிய விஷயம்தான். எடைக்குப் போடுவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

உங்களுக்கு வந்த சந்தேகம் பழையது. அமெரிக்காவில் சிறந்த படப் புத்தக ஓவியத்துக்குக் கால்டெகாட் என்று ஒரு விருது தருகிறார்கள். அந்த விருதும் கௌரவமும் பெற்ற சில வருடப் புத்தகங்களை லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளரும் சக ஆய்வாளர்களும் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். 1972-இல் வெளிவந்த கணக்கு இது: ஆண்களின் படம் 261, பெண்களின் படம் 23. வேலைக்குப் போகிற பெண் அவற்றில் ஒருத்திகூட இல்லை. 2011-இல் வேறொரு குழு, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வந்த ஆங்கிலச் சிறுவர் புத்தகங்களில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்துப் பார்த்தது. சராசரியாக 57 சதவீதப் புத்தகங்களில் நாயகன் இருந்தான். நாயகி இருந்தது 31 சதவீதத்தில். மனிதர்களை விட மிருகக் கதைகளில் இடைவெளி இன்னும் மோசம். கரடியும் முயலும்தானே, இதில் ஆணென்ன பெண்ணென்ன என்று நாம் அசட்டையாக விடுகிற இடமே அதுதான்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1987-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆணா பெண்ணா என்றே தெரியாத மிருகப் படங்களைக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்படி அம்மாக்களிடம் சொன்னார்கள். கிட்டத்தட்ட எல்லா மிருகத்தையும் அவர்கள் ஆணாகவே சொன்னார்கள். பெரிய கரடி பெண்ணானது ஒரே நிலையில்தான்: பக்கத்தில் குட்டி இருந்தபோது.

ஆங்கிலத்திலாவது கதையில் வரும் மிருகத்தை ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லுகிற வழக்கம் உண்டு. நமக்கு அதுவும் கிடையாது. ‘முயல் ஓடியது’ என்றால் முடிந்தது. நாம்தான் வாசிக்கும்போது முயல் அண்ணா, யானை மாமா, நரியார் என்று உறவு கொண்டாடுகிறோம். புத்தகத்தில் அப்படி அச்சாகியிருக்கிறதா, இல்லை உங்கள் வாயில் வருகிறதா என்று இன்று ராத்திரி கவனியுங்கள். பாதி உங்களுடையதாக இருக்கும். அந்தப் பாதியை மாற்றக் காசு செலவில்லை. யானையை அத்தை ஆக்குங்கள். டிரைவர் படம் வந்தால், “இந்த பஸ்ஸை யார் ஓட்டலாம், நீயா தம்பியா?” என்று கேளுங்கள். கரண்டி பிடித்த அம்மா வந்தால், “அப்பா எங்கே போனார்? காய் நறுக்கக் கூப்பிடலாமா?” என்று கேளுங்கள். எடைக்குப் போட்டால் இந்தப் பேச்சுக்கெல்லாம் வழியில்லாமல் போய்விடும்.

படங்களும் மாறத்தான் செய்கின்றன. ரிச்சர்ட் ஸ்கேரி 1963-இல் வெளியிட்ட பிரபலமான சொற்புத்தகத்தில் ‘அழகான’ விமானப் பணிப்பெண் இருந்தாள். பிந்தைய பதிப்பில் அந்த அடைமொழியைத் தூக்கிவிட்டார்கள், சமையலறைக்குள் அப்பாவும் வந்துவிட்டார். 2024-இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் வந்து ஊரெல்லாம் பேச்சானது நினைவிருக்கலாம்.

புதிதாக வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பக்கத்துக்குப் பக்கம் ‘பெண்ணால் எதுவும் முடியும்’ என்று முழங்குகிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய பிரியமில்லை. கதையைக் காணோம், பிரசங்கம்தான் இருக்கிறது. நான் தேடுவது சேட்டைக்காரியை. படப் புத்தகத்துப் பையன் சேற்றில் குதிப்பான், சட்டையைக் கிழிப்பான், கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள். சிறுமி மட்டும் தலை கலையாமல் நல்லவளாகவே இருப்பாள். வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட படக்கதையில் மொய்னா என்ற சபர் பழங்குடிச் சிறுமி வருகிறாள். ஆடு மேய்ப்பவள், பிடிவாதக்காரி. எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’. தண்ணீருக்கு ஏன் நான் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்கிறாள். அந்தக் கேள்வி எந்த முழக்கத்தையும் விடப் பிள்ளைகள் மனசில் தங்கும். பணம் போட யோசனையாக இருந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அங்கே சிலவற்றைப் படித்துப் பார்த்து, மகள் எதில் சிரிக்கிறாள் என்று பாருங்கள்.

இதெல்லாம் மகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த பஸ்ஸில் கேட்காமலே டிரைவர் சீட் கிடைத்தது தம்பிக்கு. மொய்னா கதையை அவனையும் மடியில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். அவரோடு வாதாடி ஜெயிக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு ராத்திரி படிக்கிற வேலையை அவரிடம் விட்டுவிட்டு, எத்தனை மிருகங்களை ‘அண்ணா’ ஆக்குகிறார் என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள்.