சேனல் தடை, டி.வி. புகார், யூடியூப் முடக்கம்: உங்கள் கேள்விகளுக்குச் சட்டம் சொல்லும் பதில்கள்

கேள்வி: பத்திரிகை நடத்தப் பதிவு செய்தால் போதும். டி.வி. சேனலுக்கு மட்டும் அரசின் அனுமதி ஏன்? இது பேச்சுரிமைக்கு எதிரானது இல்லையா?

ஒளிபரப்பு அலைவரிசையில் போகிறது, அலைவரிசைக்கு அளவு உண்டு. 1993-இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்றது நீதிமன்றம். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, "அதனால் அரசு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. அது தவறு. பொதுச்சொத்து என்பதாலேயே அரசு அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே தீர்ப்புதான்.

அனுமதி கேட்பது வேறு, பேச்சைத் தடுப்பது வேறு. தடுக்க வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் 19(2) சொல்லும் காரணங்களில் ஒன்று வேண்டும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் "பொது நலன்" கிடையாது. ஆனால் 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் பிரிவு 20(1)-இல் அந்தச் சொல் இருக்கிறது. எந்தத் தடை உத்தரவு வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: 19(2)-இல் உள்ள காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "பொது நலன் கருதி" என்பதோடு முடித்துவிட்டார்களா? இரண்டாவதாக இருந்தால் வழக்கறிஞருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: ஒரு விவாத நிகழ்ச்சியில் எங்கள் சமூகத்தை இழிவாகப் பேசினார்கள். அமைச்சகத்துக்கு மெயில் போட்டு நான்கு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. என்ன செய்வது சார்?

வரிசை மாறிப் போனதுதான் சிக்கல். 2021 ஜூன் 17 முதல் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி சேனலின் குறைதீர்ப்பு அலுவலர். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு (சேனல்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட புகார்க் குழு) மேல்முறையீடு. செய்திச் சேனல் என்றால் பொதுவாக என்.பி.டி.எஸ்.ஏ., பொழுதுபோக்கு என்றால் பி.சி.சி.சி. அவர்களுக்கு 60 நாள். அங்கும் நியாயம் கிடைக்கவில்லையென்றால் இன்னொரு 15 நாளுக்குள் மத்திய அரசு. முதல் இரண்டு படியையும் தாண்டி நேரே டெல்லிக்கு எழுதியதால் உங்கள் மெயில் கிடப்பில் இருக்கிறது.

இன்னொரு கவலை. சேனல்கள் ஒளிபரப்பின் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும். நான்கு மாதம் ஆகிவிட்டது என்றால் அவர்களிடம் அது இல்லாமல் போயிருக்கலாம். உங்களிடம் முழுப் பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வாட்ஸப்பில் சுற்றும் 40 நொடித் துண்டு உதவாது. "முன்பின் வெட்டியிருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

புகாரில் ஆத்திரம் வேண்டாம், விவரம் வேண்டும். இப்படி எழுதுங்கள்: "இந்தத் தேதி இரவு 9 மணி விவாதம். 9.22 முதல் 9.25 வரை நெறியாளர் சொன்ன வாசகம் இது. (வாசகம் அப்படியே.) இது கேபிள் விதிகள் 1994, விதி 6(1)(சி)-ஐ மீறுகிறது." மதங்களையோ சமூகங்களையோ தாக்குவதும் வகுப்புவாத மனப்போக்கை வளர்ப்பதும் இந்த (சி)-யில் வரும். அரைகுறை உண்மையும் பொய்யான மறைமுகக் குற்றச்சாட்டும் என்றால் (டி). வாசகத்தைப் பேசியவர் விருந்தினரா நெறியாளரா என்பதையும் குறிப்பிடுங்கள். விருந்தினர் என்றால், நெறியாளர் தடுத்தாரா என்பதே வழக்கின் உயிர்.

கேள்வி: நான் சின்ன கேபிள் ஆபரேட்டர். குறிப்பிட்ட ஒரு சேனலை "கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்" என்று போனில் சொல்கிறார்கள். யார் சொன்னால் நான் கேட்க வேண்டும் அண்ணா?

இந்த மாதிரி போன்தான் என்னை அதிகம் வருத்துவது. எழுதிய தடையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். எழுதாத தடையை யார் மீது கேட்பது?

கேபிள் சட்டத்தின் பிரிவு 19-இன்படி தடுக்கும் அதிகாரம் "அதிகாரம் பெற்ற அலுவலர்" கையில் இருக்கிறது: மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், போலீஸ் கமிஷனர், அல்லது அரசு தனியே அறிவித்த வேறொருவர். அவரும் *உத்தரவு* போட்டுத்தான் தடுக்க முடியும். சட்டத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. நிகழ்ச்சி, விளம்பர நெறிமுறை மீறல், அல்லது சாதி, மத, மொழி அடிப்படையில் பகை மூட்டி அமைதியைக் குலைக்கக்கூடியது என்பவையே அதற்கான காரணங்கள். இன்ஸ்பெக்டர் போனில் சொல்வது உத்தரவு ஆகாது.

அதற்காக வாக்குவாதம் செய்யாதீர்கள். பிரிவு 11-இல் உபகரணத்தைக் கைப்பற்றும் அதிகாரமும் இருக்கிறது. (நிரந்தரப் பறிமுதலுக்கு எழுத்து மூலம் நோட்டீஸும், விளக்கம் சொல்ல வாய்ப்பும் கட்டாயம்.) போன் வந்த தேதி, நேரம், எண், பேசியவர் பதவி இவற்றைக் குறித்துக்கொண்டு அன்றே ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மெயில்: "இன்று காலை 11.10-க்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து என்று சொல்லி இந்தச் சேனலை நிறுத்தும்படி வாய்மொழியாகக் கூறப்பட்டது. பிரிவு 19-இன்படியான உத்தரவின் நகலை அனுப்பினால் உடனே கடைப்பிடிக்கிறேன்." மரியாதையான இந்த மூன்று வரி உங்களைக் காப்பாற்றும். சேனலுக்கும் பின்னால் இதுதான் சாட்சியம்.

கேள்வி: பாதுகாப்புக் காரணம், வெளியே சொல்ல முடியாது என்று அரசு சொல்லிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. மீடியாஒன் வழக்கைப் படியுங்கள். உள்துறை பாதுகாப்பு அனுமதி மறுத்தது என்று 2022 ஜனவரி 31-இல் அந்த மலையாளச் சேனலின் அனுமதி புதுப்பிக்கப்படாமல் ரத்தானது. காரணங்கள் மூடிய உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் போயின. 2023 ஏப்ரல் 5-இல் உச்ச நீதிமன்றம் அரசின் அந்த உத்தரவை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் இயற்கை நீதி (பாதிக்கப்படுபவருக்குக் காரணம் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்ற கோட்பாடு) காணாமல் போய்விடாது, அரசின் கொள்கையை விமர்சிப்பது அரசமைப்புக்கு எதிரானது ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு வர ஓராண்டுக்கு மேல் ஆனது.

கேள்வி: என் யூடியூப் செய்திச் சேனலை "அரசின் கோரிக்கையின்படி" இந்தியாவில் முடக்கிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

இது கேபிள் சட்டம் அல்ல, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69ஏ. இதில் காரணங்கள் இன்னும் குறைவு: அவதூறும் நாகரிகமும் நீதிமன்ற அவமதிப்பும் 69ஏ-இல் இல்லை. இந்தப் பிரிவுக்கான 2009 விதிகளின்படி நோட்டீஸுக்குப் பின் பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். அந்த நோட்டீஸ் "நபர் அல்லது இடைநிலை நிறுவனம்" யாருக்கேனும் போனால் போதும் என்று எடுத்துக்கொள்வதால், யூடியூப் நிறுவனத்துக்குப் போகிறது, உங்களுக்கு வருவதில்லை. ஆனால் ஷ்ரேயா சிங்கல் வழக்கின் 2015 மார்ச் 24 தீர்ப்பில், பதிவிட்டவர் அடையாளம் தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்றே உச்ச நீதிமன்றம் விதிகளைப் புரிந்துகொண்டது. யூடியூபிடமிருந்து வந்த மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவின் நகலும் காரணமும் கேட்டு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். அதே 2009 விதிகளில் விதி 16 சொல்லும் ரகசியத்தைக் காட்டி மறுப்பார்கள். அந்த மறுப்போடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள்.

கேள்வி: "இதை ஒளிபரப்பினால் கலவரம் வரும்" என்று ஒரு குழு மிரட்டினால் தடை செய்யலாமா?

கூடாது. *ஒரே ஒரு கிராமத்திலே* படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோல நேரடியாக இருக்க வேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து பேச்சுரிமையை அடக்கக் கூடாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை. நம் ஊர் வழக்கு இது. எந்த மனுவிலும் மேற்கோள் காட்டுங்கள்.

கேள்வி: சமுதாய வானொலியில் ஊர்ச் செய்தி வாசிக்கலாமா?

சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். உள்ளூர் வானிலை, போக்குவரத்து, தண்ணீர் வரும் நேரம், தேர்வு அறிவிப்பு போன்றவை செய்தியாகக் கணக்கில் வராது. ஊராட்சிக் கூட்டத்தில் நடந்த சண்டையைச் சொன்னால் வரும். ஒலிபரப்பிய எல்லாவற்றின் ஒலிப்பதிவையும் அழிந்துபோகாமல் மூன்று மாதம் எடுத்து வையுங்கள்.