கிரீன் ரிவர் மீன் ஆற்று மீன்தானா?

கேள்வி: மகனுக்காக இணையத்தில் ஒரு புதைபடிவ மீன் வாங்கினேன். ‘கிரீன் ரிவர் நைட்டியா, 5 கோடி ஆண்டுப் பழைய ஆற்று மீன், பரிணாமச் சான்று’ என்று விற்றவர் எழுதியிருந்தார். நம்பலாமா?

பதில்: மீன் பெரும்பாலும் அசலாகவே இருக்கும், ஆற்று மீன் என்பதுதான் பிழை. கிரீன் ரிவர் இன்று அமெரிக்காவின் வயோமிங்கில் ஓடும் ஆறு. அதன் பெயரைத் தாங்கிய பாறைகளில் இந்த மீன்கள் கிடைக்கும் அடுக்குகளோ பழங்கால ஏரிகளின் அடியில் படிந்தவை. நைட்டியா நம் சாளை மீனுக்கு உறவு. ஏரியில் கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக மடிந்தது. ஏராளமாகக் கிடைப்பதால் முழுப் போலி செய்ய வேண்டிய தேவையே இல்லை. உடைந்த வாலையும் துடுப்பையும் வண்ணம் தீட்டி நிரப்புவதுதான் இடைத்தரகர்களின் வழக்கம். உருப்பெருக்கியில் எலும்பு சற்று மேடாகத் தெரியும். தீட்டிய இடம் தட்டையாக, தூரிகைத் தடத்தோடு இருக்கும்.

பரிணாமத்தைத் தனி மீன் ஒன்று சொல்லிவிடாது. எந்த மீனின் உறவினம் இன்று எங்கே வாழ்கிறது என்ற ஒப்பீடே சொல்லும். அதே ஏரியில், படகுத் துடுப்பு போல நீண்ட மூக்குள்ள துடுப்பு மீனும் (paddlefish) வாழ்ந்தது. அதன் உறவினம் இன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று அமைப்பிலும் அதை ஒட்டிய சில ஆறுகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது, சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்தது அற்றுவிட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. நன்னீர் மீன் கடலைத் தாண்டாது என்ற அடிப்படையில்தான் பழைய ஆறுகளும் நிலத் தொடர்புகளும் ஊகிக்கப்படுகின்றன. இதில் அரவானாவை விதிவிலக்காக வையுங்கள். வண்ணமீன் கடைகளில் நீங்கள் பார்க்கும் அரவானாவின் உறவினமான ஃபேரியோடஸும் அந்த ஏரியில் வாழ்ந்தது. அரவானாக்கள் இன்று தென் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் நன்னீரில் இருப்பதைக் காட்டி, கண்டங்கள் ஒட்டியிருந்ததற்கு அவையே சாட்சி என்பார்கள். ஆனால் இதே குடும்பத்து மீனொன்று இங்கிலாந்தில் கடலில் படிந்த இலண்டன் களிமண்ணிலும் கிடைத்திருக்கிறது. முன்னோர் சிலர் கடல் வழியாகவே பரவியிருக்கலாம் என்னும்போது, இன்றைய இருப்பிடத்தை மட்டும் வைத்துப் பழைய நிலப்படம் வரைவது அவசரம்.

ஆகவே உங்கள் கல்லின் மதிப்பு, அது எந்தக் குவாரியின் எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஒரே ஏரியிலும் கரையோர அடுக்குகளில் திருக்கை, இறாலினங்கள், மீன்குஞ்சுகள் மிகுதி, நடு ஏரி அடுக்கில் அவை குறைவு. நீளத்தையும் விலையையும் கேட்டு நச்சரிக்கும் விற்பனைத் தளங்கள் இதைக் கட்டாயமாக்காதது எரிச்சலூட்டுகிறது. வயோமிங்கில் உள்ள தேசிய நினைவுப் பகுதியான ஃபாசில் பியூட்டில் தனியார் புதைபடிவ மீன் எடுப்பதே சட்டவிரோதம் என்பதாலும் குவாரியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் கல்லைத் திருப்பி அனுப்புங்கள்; சொன்னால் அதைக் காகிதத்தில் எழுதிக் கல்லின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.