கயிற்றை மிதித்து நின்ற யானை

அன்புள்ள அம்மா,

மகன் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து ஊர் சுற்றுகிறான் என்று கடிதத்தின் முதல் பாதியில் வருத்தப்படுகிறீர்கள். ஏழு நாள் முகாமிலிருந்து வந்தவன் "நாலு பேர் மண் வெட்டினோம், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், இனிப் போக மாட்டேன்" என்று சொன்னதற்கு அடுத்த பாதியில் வருத்தப்படுகிறீர்கள். போனாலும் கவலை, போகாவிட்டாலும் கவலை.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். முகாமைத் தவிர்த்தால், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். சராசரியாக வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. அதனால் படிப்பு கெடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை.

அந்த மண்வெட்டிச் சண்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலங்கியல் படிக்கிற பிள்ளைக்கு அதற்கான பதில் அவன் பாடத்திலேயே இருக்கிறது. தாய்லாந்தின் லாம்பாங்கில் யானைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. தீனி வைத்த பலகையைச் சுற்றி ஒரே கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் இரண்டு யானைகளுக்கு எட்டும்படி விட்டார்கள். இரண்டும் சேர்ந்து இழுத்தால் பலகை நகரும். ஒன்று மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். ஜோடி யானை வரும்வரை முதல் யானை முக்கால் நிமிடம் வரை காத்திருந்தது. ஓர் இளம் பெண் யானை மட்டும் துதிக்கையால் இழுக்கவே இல்லை. தன் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றது. இழுத்ததெல்லாம் ஜோடிதான், தீனி மட்டும் இரண்டுக்கும்!

சோம்பேறி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கால் இல்லாவிட்டால் கயிறு உருவியிருக்கும். முகாமில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவன், பஞ்சாயத்து அலுவலகத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தவள் என்று கயிற்றை மிதித்து நின்றவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். கயிற்றின் பக்கமே வராதவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. இரண்டு வகையையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். யார், எந்த மணியில், என்ன செய்தார் என்பது மட்டும் போதும். குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். விலங்கு நடத்தை ஆய்வில் முதலில் பழக்குவதே இதைத்தான்.

குழுத் தலைவன் கத்திக்கொண்டே இருந்தான் என்றும் சொன்னானாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு குளவி இனம் உண்டு. அதன் ராணி பரம சாது. யாரையும் விரட்டி வேலை வாங்குவதில்லை. இரை தேடப் போவதை வேலைக்காரக் குளவிகள் தங்களுக்குள்ளேயே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. ராணியை அகற்றினால் மட்டும், அடுத்து அந்த இடத்துக்கு வரப்போகிற குளவி திடீரென மூர்க்கமாகிறது. பதவி உறுதியான பிறகு அதுவும் சாதுவாகிவிடுகிறது. புதுத் தலைவனுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம். (குளவிக்கூடு ஒரு குடும்பம், முகாம் அப்படியல்ல, ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். வாத்துகள் ஒன்றையொன்று உற்சாகப்படுத்தவே கத்திக்கொண்டு பறக்கின்றன என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அதையெல்லாம் அவன் நேர்முகத் தேர்வில் ஒப்பிக்காமல் இருந்தால் சரி.)

இனி, படிப்பு முடிந்த பிறகான வேலை. வனவுயிர் உயிரியலில் முதுகலை படிக்க மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது, தேஹ்ராதூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் இருக்கிறது. இந்தத் துறையில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை குறைவு. காட்டில் ஒரே கொட்டகையில் வாரக்கணக்கில் நாலைந்து பேரோடு தங்க வேண்டியிருக்கும். "குழுவாகப் பணியாற்றுவேன்" என்று விண்ணப்பத்தில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். மண் வெட்டாதவனைத் திட்டத் தொடங்கி, பிறகு அவன் செய்துகொண்டிருந்த வேலையைக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல முடிந்தால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும். சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் இரவுநேர ஆமை நடைக்கும் (கடலாமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் நடை) ஒருமுறை போய் வரட்டும், ஜனவரியில் தொடங்கும்.

முகாமை விடுவதா தொடர்வதா என்பதை அவனே முடிவு செய்யட்டும், ஆனால் யார் என்ன செய்தார் என்ற அந்தப் பட்டியலை எழுதி முடித்த பிறகு. இரண்டு அரியர் இருப்பதாகக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாடங்கள் என்று சொல்லவில்லையே? மதிப்பெண் பட்டியலின் நகலை அனுப்புங்கள். அவற்றில் ஒன்று உயிர்வேதியியல் என்றால், முகாம் பேச்சை ஒதுக்கிவைத்து முதலில் அதைத்தான் பேச வேண்டும்.